ஏழாம் எண் குழாய்

மே 3

அக்காவுக்கு,

இது ஆபீஸ் கடிதம். நலம், நலமறிய ஆவல் எல்லாம் இதில் இல்லை. உங்கள் அணை முகாமில் போன் எடுக்காது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ரத்த மாதிரிகளை எடுக்க வரும் ஜீப் ஒன்றுதான் வழி. அதனால் இதை ஐஸ் பெட்டிக்குள், காலிக் குழாய்களுக்கு மேல் வைத்து அனுப்புகிறேன். முகாம் மருந்தகத்து நர்ஸ் என்ற முறையில் படித்துக்கொள். அக்கா என்ற முறையில் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நீ வராதபோதே அது முடிந்துவிட்டது.

வேலைக்கு வருகிறேன். முகாமில் கர்ப்பிணிகளுக்கு நீ மாதாமாதம் மலேரியா தடுப்பு மாத்திரை தருகிறாய். அதைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று மேலிடம் கேட்கிறது. பதில் சொல்ல வேண்டியது எங்கள் ஆய்வகம். ஆய்வகம் என்றால் நான், எங்கள் பிரிவுத் தலைவி, ஒரு இயந்திரம். மூவரில் இயந்திரம்தான் கோபப்படாதது.

மலேரியாக் கிருமியில் ஒரு வகை கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அது ஒட்ட ஆண்கள் உடம்பில் இடம் இல்லை, கர்ப்பமாகாத பெண்கள் உடம்பிலும் இல்லை. கர்ப்ப காலத்தில் மலேரியா வந்த பெண்ணின் ரத்தத்தில் மட்டுமே அந்த வகையை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உண்டாகும். உண்டானால் வருடக்கணக்கில் நிற்கும். முகாமில் பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப் பேருக்கு அது இருந்தால், கிருமி அங்கே கர்ப்பிணிகளை இன்னும் பிடிக்கிறது என்று பொருள். மாத்திரை தொடரும். யாருக்கும் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். பொதுவாக மாட்டிக்கொள்வது முதல் கர்ப்பம்தான். அது உடம்புக்கு ஒத்திகை மாதிரி. அடுத்ததற்குள் கற்றுக்கொண்டுவிடும்.

எனக்கு வேண்டியது, பிள்ளை பெற்ற எண்பத்து நான்கு பெண்களின் ரத்தம். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க, வெளியிலிருந்து வேலைக்கு வந்த பன்னிரண்டு பேரின் ரத்தம். இந்தப் பன்னிரண்டு பேருக்கும் மலேரியா வந்திருக்கக் கூடாது, கர்ப்பமாகியிருக்கவும் கூடாது. ஆண்களாகப் பிடித்தால் பாதி வேலை மிச்சம். இவர்கள்தான் எங்கள் பூஜ்யம். பூஜ்யம் கோணினால் மேலே கட்டுவது எல்லாம் கோணும். குழாயில் பெயர் வேண்டாம், எண் போதும். கைநடுங்கி லேபிளை மாற்றி ஒட்டாதே.

ஆய்வகத் தொழில்நுட்பர்


மே 17

அன்புள்ள தசமத்துக்கு,

ஆபீஸ் கடிதமாக இருந்தாலும் நான் உன்னை அப்படித்தான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கால் வலிக்கிறது என்று அழாமல், "இன்னும் ஒன்று புள்ளி இரண்டு ஐந்து கிலோமீட்டர் இருக்கு" என்று அழுத பிள்ளை நீ. ஒன்றரை வருடமாக ஒரு வரி இல்லை, வந்த கடிதமும் லேபிளை மாற்றி ஒட்டாதே என்று முடிகிறது. சரி. தொண்ணூற்றாறு குழாய் பெட்டியில் இருக்கிறது. எண்ணிப் பார், எப்படியும் எண்ணுவாய்.

பெண்களிடம் ரத்தம் வாங்குவதற்குள் வாய் வலித்துவிட்டது. "போன மாசம்தானே எடுத்தீங்க சிஸ்டர், அதைக் குடிச்சிட்டாங்களா?" என்று ஒருத்தி. "இதை யாரு பாக்கப் போறாங்க?" என்று இன்னொருத்தி. என் தம்பி என்றேன். "கல்யாணம் ஆயிடுச்சா?" "இல்லை." "ஏன்?" "நீயே ஒரு லெட்டர் அவன்கிட்ட வாங்கிப் பாரு, தெரியும்."

உன் பூஜ்யங்களை முகாம் ஆபீஸ் ஹாலில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். படிவம் எழுதியது முகாம் எழுத்தர். அவரை இங்கே எல்லோரும் ஒலிபெருக்கி என்பார்கள். காரணம் அவர் குரல் மட்டும் இல்லை. என் வீட்டுக்காரரை, அதுதான் உன் மாமாவை, உட்கார வைக்க முடியவில்லை. கிரேன் ஓட்டும்போது அதன் மேலேயே கொசுக்கடி வாங்கி அவருக்கு இரண்டு தடவை மலேரியா வந்தாயிற்று. பன்னிரண்டு பேர் கிடைத்தார்கள், ஊசியைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியன் எழுந்து நடந்துவிட்டார். ஆயிரம் வோல்ட்டைத் தொடுகிறவர்! வெளியே ஜீப் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே, "சிஸ்டர், ஐஸ் உருகுது! நான் உருகுறதை அப்புறம் பாத்துக்கலாம்!" என்று கத்துகிறார். எலக்ட்ரீஷியன் விட்டுப்போன ஏழாவது நாற்காலியில் நானே உட்கார்ந்து கையை நீட்டிவிட்டேன். எழுத்தர் மற்றவர்களிடம் கேட்ட கேள்விகளையே என்னிடமும் கேட்டார். நானும் மற்றவர்கள் சொன்ன பதிலையே சொன்னேன். ஏழாம் எண் குழாய் உன் அக்கா. கீழே போட்டு உடைக்காதே.

மாத்திரை வாங்கும் கர்ப்பிணிகள் இப்போது பதினாறு பேர். கம்பி கட்டுகிறவரின் மனைவி என்று ஒருத்தி, பத்தொன்பது வயது, முதல் பிள்ளை, ஆறாம் மாதம். முகாமுக்கு வந்து இருபது நாள்தான் ஆகிறது. ஒரே ஒரு மாத்திரை விழுங்கியிருக்கிறாள். "இவ்வளவு கசக்குதே சிஸ்டர், உள்ள இருக்கறதுக்கும் கசக்குமா?" என்கிறாள். எண் போடும்போது இவர்களை நினைத்துக்கொள்.

ஆபரேஷன் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். லீவு கிடைக்கவில்லை என்று அப்போதே எழுதிப் போட்டாயிற்று. அதற்கு மேல் என்னிடம் இல்லை. அம்மா இப்போது பேப்பர் படிக்கிறாளா?

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் ஐஸ் தண்ணீரில் ஊறி நீலக் குளமாக வந்தது. இனிமேல் பென்சிலில் எழுது.

பூஜ்யங்களில் ஒன்றாக நீயே உட்கார்ந்தது முறை அல்ல. மாதிரி எடுப்பவர் மாதிரி தரக்கூடாது. போகட்டும், உனக்குத்தான் எதுவும் வந்ததில்லையே. விட்டுவிட்டேன்.

முடிவு வந்துவிட்டது. தொண்ணூற்றாறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில், கிருமியின் அந்த ஒட்டும் பகுதியைப் பூசி, குழிக்கு ஒருவர் ரத்தமாக விட்டோம். எதிர்ப்பொருள் இருந்தால் குழி மஞ்சளாகும். அதிகம் இருந்தால் அடர் மஞ்சள். இயந்திரம் மஞ்சளை எண்ணாக்கும், கணினி வரம்பு போட்டு, மேலே யார், கீழே யார் என்று பிரிக்கும். இரண்டு தடவை செய்தேன். எண்பத்து நான்கு பெண்களில் வரம்பைத் தாண்டியவர்கள் மூன்று பேர்.

மூன்று. அதாவது முகாமில் கர்ப்பிணிகளுக்கு மலேரியா வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. நல்ல செய்தி. செப்டம்பர் முதல் வாரம் அறிக்கை போகும். அக்டோபரிலிருந்து மாத்திரை வராது. உனக்கும் வேலை குறையும்.

அம்மா பேப்பர் படிக்கிறாள். மரண அறிவிப்புகளை மட்டும் சத்தமாக.

ஆய்வகத் தொழில்நுட்பர்


ஜூன் 28

தசமம்,

பென்சிலில் எழுதுகிறேன். அழுத்தி எழுதுவதால் முனை இரண்டு தடவை உடைந்துவிட்டது.

நல்ல செய்தியா? கம்பி கட்டுகிறவரின் மனைவிக்குப் போன வாரம் காய்ச்சல். ரத்தம் எடுத்து ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், மலேரியா. மூன்றாம் நாள், எட்டாம் மாதம் தொடங்குவதற்குள் பிரசவம். பெண் குழந்தை, ஒன்று புள்ளி நான்கு கிலோ. உனக்குப் பிடித்த மாதிரி புள்ளி வைத்துச் சொல்கிறேன். பிழைத்திருக்கிறது. அவள் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டி வைத்திருக்கிறோம், இரண்டு மணிக்கு ஒருமுறை நான் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி பெட்டியில் வைத்திருக்கிறேன். உன் கண்ணால் பார். இந்த ஆறு மாதத்தில் மலேரியா வந்த கர்ப்பிணிகளில் இவள் நான்காவது.

முகாம் முழுக்க எடுத்தால் வாரத்துக்கு ஒரு மலேரியா ஸ்லைடு நான் பார்க்கிறேன், நீ மூன்று என்கிறாய். யாரோ ஒருவர் தப்பு. நான் இங்கே கொசுவையும் காய்ச்சலையும் நேரில் பார்க்கிறேன். நீ என்ன பார்த்தாய்? இயந்திரம் படித்தது, கணினி பிரித்தது என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தட்டை நீ பார்த்தாயா? எது மஞ்சள், எது வெள்ளை என்று குனிந்து பார்த்தாயா? சின்ன வயதில் கடிகாரம் நின்றுபோனதுகூடத் தெரியாமல் அதில் இருக்கிற மணியைச் சொல்லிச் சண்டை போடுவாய். அதே ஆள்தான் நீ.

அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "ஒரு மாத்திரைதான் சாப்பிட்டேன், இன்னொண்ணு சாப்பிட்டிருந்தா சரியா இருந்திருக்குமா சிஸ்டர்?" நான் என்ன சொல்லட்டும்? இனிமேல் வரப்போகிறவளுக்கு அந்த ஒன்றும் இல்லை என்றா?

அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

ஸ்லைடைப் பார்த்தேன். மலேரியாதான். ஒரு ஸ்லைடு ஒரு ஆள். நான் சொல்வது எண்பத்து நான்கு பேர். நான்கு காய்ச்சலைக் கண்ணெதிரே பார்த்துவிட்டால் முகாமே காய்ச்சலில் கிடப்பது போலத்தான் தோன்றும். அதனால்தான் நர்ஸுகளைக் கேட்டு முடிவெடுக்காமல் ஆய்வகம் வைத்திருக்கிறார்கள்.

தப்பு என்று ஒன்று இருந்தால் உன் பக்கம்தான் இருக்கும். ஐஸ் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினாய்? ஜீப் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றது? டிரைவரைக் கேட்டால், "தம்பி, நடுவுல டயர் பஞ்சர். ஆனா பெட்டியை நிழல்ல வச்சுட்டு நான்தான் வெயில்ல நின்னேன்" என்கிறார். ரத்தம் கெட்டுப்போனால் மஞ்சள் வராது.

நேரில் பார், நேரில் பார் என்கிறாய். ஆபரேஷன் முடிந்து அம்மா கண்கட்டோடு கிடந்த பன்னிரண்டு நாளும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், "அக்கா வந்துட்டாளா பாரு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேரில் பார்க்க வேண்டியதை யார் பார்க்கவில்லை?


ஜூலை 14

பெட்டி நாளைக்குத்தான் கிளம்புகிறது. மேலே எழுதியதைக் கிழித்துப்போட நினைத்தேன். கிழிக்கவில்லை. நான் எழுதியது, என் பெயரிலேயே இருக்கட்டும்.

கோபத்தில்தான் செய்தேன், உன் ரத்தம் கெட்டது என்று நிரூபிக்க. மீதி ரத்தத்தை எடுத்து, தட்டை மூன்றாம் தடவை போட்டு, இயந்திரத்தில் வைப்பதற்கு முன் வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தேன்.

தட்டு முழுக்க மஞ்சள் அக்கா. வெளிர் மஞ்சள், நடு மஞ்சள், அடர் மஞ்சள். கடைசி வரிசையில் மட்டும் பன்னிரண்டு குழி தண்ணீர் போல இருக்க வேண்டும். பதினொன்று அப்படித்தான் இருந்தது. ஒன்று முட்டைக்கரு நிறம்.

கணினி வரம்பு போடுவது இந்தப் பன்னிரண்டை வைத்து. இவர்களின் சராசரியை எடுத்து, இவர்களுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைப் போல மூன்று மடங்கை அதோடு கூட்டும். பதினொரு பேரும் 0.08ஐ ஒட்டி இருக்கிறார்கள். அந்த ஒருவர் 1.31. அவரைச் சேர்த்தால் வரம்பு 1.25க்கு ஏறிவிடுகிறது. அவரை எடுத்துவிட்டால் 0.14. பூஜ்யம் கோணினால் எல்லாம் கோணும் என்று மே மாதம் உனக்குப் பாடம் எடுத்தவன் நான். இரண்டு தடவை தட்டு போட்டும் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்காதவனும் நான்.

0.14 வைத்துப் பார்த்தால் எண்பத்து நான்கில் அறுபத்தொன்று. ஒரு பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேர், மூன்று பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் கிருமியைச் சந்தித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கக் கற்றுக்கொண்ட உடம்புகள். நீ சொன்னதுதான் சரி.

அந்த முட்டைக்கரு நிறக் குழி எந்த எண் என்று உனக்கே தெரியும். இந்தத் தட்டு மலேரியா வந்ததா என்று மட்டும் கேட்கிற தட்டு அல்ல. மாமாவுக்கு இரண்டு தடவை வந்தும் அவர் ரத்தத்தை இதில் விட்டால் தண்ணீராகத்தான் இருக்கும். இதில் மஞ்சள் வர வேறொன்றும் வேண்டும். மூன்றாம் தடவையும் அதே எண். லேபிள் மாறவில்லை.

படிவத்தில் இரண்டு கேள்விக்கும் "இல்லை" என்று இருக்கிறது.

எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் கேட்கவில்லை.

தம்பி


ஜூலை 26

தம்பி,

ஏழை எடுத்துவிடு. குழாய் உடைந்துவிட்டது என்று எழுது. பதினொன்றை வைத்துக் கணக்குப் போடு, மாத்திரை தொடரட்டும். யாரிடமும் எதுவும் சொல்லாதே.

குழந்தை ஒன்றரைக் கிலோ தாண்டிவிட்டது.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

உடைந்துவிட்டது என்று எழுத முடியாது. உடையவில்லை. ஃபிரிட்ஜில் இருக்கிறது.

பிரிவுத் தலைவியிடம் யார் என்று சொல்லாமல், ஏழாம் எண் பூஜ்யமாக இருக்கத் தகுதியில்லாதவர் என்று நினைக்கிறேன், விலக்கலாமா என்று கேட்டேன். "நினைக்கறியா? எதை வச்சு?" என்றார். எண் அதிகமாக இருக்கிறது என்றேன். "எண் பிடிக்கலைன்னு எண்ணைத் தூக்கிப்போடறதுக்கு ஆய்வகம் எதுக்குப்பா? ஜோசியக்காரர் போதுமே. காரணம் கொண்டு வா." அவர் சொல்வது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். இதைவிட மோசமாகவும் சொல்வேன்.

காரணம் என்றால் விலக்கல் படிவம். ரத்தம் கொடுத்தவரே எழுத வேண்டும்: நான் முன்பு சொன்ன பதில் தவறு, எனக்கு இன்ன காலத்தில் இது வந்தது. கீழே கையெழுத்து. முதல் படிவத்துக்குச் சாட்சி போட்டவரே இதற்கும் போட வேண்டும். அது ஒலிபெருக்கி என்று எனக்குத் தெரியும். விதியை மாற்றப் பார்த்தேன், முடியவில்லை. வேறு வழி, புதிதாகப் பன்னிரண்டு பேரைப் பிடித்து முதலிலிருந்து தொடங்குவது. அதற்குப் புது அனுமதி வேண்டும், நான்கு மாதம் ஆகும். அதற்குள் மூன்று என்ற அறிக்கை போய்விடும். போனால் திரும்ப வாங்குவது எப்படி என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் மூன்று கடைசி நாள். படிவம் பெட்டியில் இருக்கிறது. நீ எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுதாவிட்டாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். இதை நான் சொல்வது ஆச்சரியம்தான், எனக்கே.

ஒரு விஷயம் மட்டும் தொழில்நுட்பர் என்ற முறையில். எண்பத்து நான்கு பேரில் அந்த மூன்று பேரைத் தவிர யாருக்கும் உன் அளவு இல்லை. வந்த காய்ச்சல் லேசானதாக இருந்திருக்காது. இன்னொரு தடவை கிருமி வந்தால் உன் உடம்பு ஓரளவு எதிர்த்து நிற்கும். ஓரளவு என்றுதான் எழுதுவேன். அது மாத்திரைக்குப் பதில் ஆகாது.

அது அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அந்த அக்டோபரா?

தம்பி


ஆகஸ்ட் 23

அன்புள்ள தசமத்துக்கு,

அந்த அக்டோபர்தான்.

அப்போது மேல் சுரங்க முகாமில் இருந்தோம், இங்கே இன்னும் மாற்றலாகவில்லை. ஐந்தாம் மாதம். அம்மாவிடம் சொல்லவில்லை, நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன். பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். கட்டு அவிழ்த்ததும் அம்மா கண்ணில் முதலில் படுவது என் வயிறாக இருக்க வேண்டும் என்று ஒரு சினிமா ஆசை. சிரிக்காதே. டிக்கெட்கூட எடுத்துவிட்டேன்.

மாத்திரை என் கையில்தான் இருந்தது. ஆனால் விழுங்கினால் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். அந்தப் பதிவேடு மேசைமேல் திறந்து கிடக்கும். சாயங்காலத்துக்குள் முகாம் முழுக்கத் தெரியும், யாராவது ஊருக்குப் போவார்கள், எனக்கு முன்னால் அம்மா காதில் விழும். ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதிக்கொள்ளலாம், ஒரு மாதம்தானே என்று விட்டேன். நான் நன்றாகச் சாப்பிடுகிறவள், வெளியிலிருந்து வந்தவள், எனக்கென்ன வந்துவிடும் என்ற திமிரும் இருந்தது. எத்தனை பேருக்கு வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்த கை, என் வாய்க்கு ஒன்று போடவில்லை. பதினொன்றாம் தேதி காய்ச்சல் வந்தது. பதினான்காம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. பையன்.

உன் மாமா தந்தி மாதிரி ஒரு வரி எழுதிப் போட்டார், லீவு கிடைக்கவில்லை என்று. நான்தான் எழுதச் சொன்னேன். ஆபரேஷன் முடிந்த அம்மா அழவே கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீ எழுதியிருந்தாய். அப்புறம் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள, ஒவ்வொரு மாதமும் சொல்வது போன மாதத்தைவிடக் கஷ்டமாகிவிட்டது. உன் கோபம் எனக்கு ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. கோபமாக இருக்கிறவன் ஏன் என்று கேட்க மாட்டான்.

அன்றைக்கு அந்த ஹாலில் பதினொரு ஆண்கள் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எழுத்தர் ஊருக்கே கேட்கிற மாதிரி, "மலேரியா? கர்ப்பம்?" என்றார். "இல்லை" என்பது தானாக வந்துவிட்டது. சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

மே மாதம் நீ எழுதிய ஒரு வரி. முதல் கர்ப்பம் உடம்புக்கு ஒத்திகை மாதிரி. அதைப் படித்த அன்று உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். உனக்குத் தெரிந்து எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் தசமம், யாருக்கு எழுதினாலும் அந்த வார்த்தையை எழுதாதே. அவனுக்கு விரல் எல்லாம் இருந்தது.

படிவத்தை எழுதிவிட்டேன். எழுத்தரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல்முறையாக அவர் குரல் மேசையைத் தாண்டவில்லை.

"சிஸ்டர், நான் கையெழுத்து மட்டும் போடறேன். எதையும் படிக்கலை."

"படிச்சிட்டுத்தான் போடணும் சார். விதி."

"படிச்சேன். மறந்துட்டேன்."

இன்றோடு நான்கு நாள். முகாமில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒலிபெருக்கிக்கு வயர் போய்விட்டது போல.

படிவம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது, நனையாது. எப்படியும் எழுதியிருப்பேன். கம்பி கட்டுகிறவரின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க வந்தாள், ஒன்று புள்ளி ஒன்பது. அதைப் பார்த்த பிறகு பென்சில் தானாக ஓடியது.

இன்னொன்று. மாத்திரைப் பதிவேட்டில் பதினேழாவது வரி புதிது. நேற்று நானே எழுதினேன், நாலாம் மாதம் தொடக்கம் என்று. பதிவேடு மேசைமேல் திறந்துதான் கிடக்கிறது. மாத்திரை உண்மையாகவே கசக்கிறது.

இந்தத் தடவை நேரில் வந்து சொல்கிற வேலையெல்லாம் வேண்டாம். அம்மாவிடம் நீ சொல்லு. போனதையும் சொல்லு, இப்போது இருப்பதையும் சொல்லு. புள்ளி வைக்காமல் சொல்லு.

அக்கா


செப்டம்பர் 6

அக்காவுக்கு,

அறிக்கை மூன்றாம் தேதி போய்விட்டது. அறுபத்தொன்று. ஏழாம் எண் விலக்கப்பட்ட காரணம் இணைப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே, முதல் இரண்டு தடவையும் தொழில்நுட்பர் தட்டைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இதை எழுதணும்னு அவசியம் இல்லையே" என்றார் பிரிவுத் தலைவி. நீ எழுதியதற்குப் பக்கத்தில் அது சின்ன விஷயம் என்றேன். படிவத்தை அவர் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இணைப்பில் தானும் கையெழுத்துப் போட்டார். நேற்றே பதில் வந்துவிட்டது. மாத்திரை தொடரும், இன்னும் இரண்டு வருடத்துக்கு. அதற்குப் பிறகு மறுபடி ரத்தம் எடுப்பார்கள். எலக்ட்ரீஷியனை இப்போதே தயார் செய்.

அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டு நான்கு தடவை எழுதினேன். நான்கும் மோசமாக வந்தது. இனி அந்த வார்த்தையை எழுத மாட்டேன் அக்கா.

அம்மாவிடம் சொன்னேன். புள்ளி வைக்காமல். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தாள். பிறகு:

"அந்த அக்டோபர்ல அவளைத் திட்டி ஒரு லெட்டர் போடச் சொன்னேனே. போட்டியா?"

"போட்டேம்மா."

"நான் சொன்னா? நீ ஏன்டா நான் சொல்றதையெல்லாம் செய்யறே?"

பிறந்ததிலிருந்து அம்மா என்னிடம் இப்படி ஒரு குறை சொன்னதில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அழக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஒரு மாதத்துக்குத்தான், அது எப்போதோ முடிந்துவிட்டது என்று அவளே சொன்னாள். அதற்குப் பிறகு கேட்டது ஒன்றுதான். "அந்த ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

டிரைவரிடம் பேசினேன். "முன் சீட்ல தாராளமா உக்காரலாம் தம்பி. ஆனா பெரிய பெட்டி பின்னாடி போயிடும், சின்னப் பெட்டியை மடியில வச்சுக்கணும். ஒன்பது மணி நேரம். அம்மாவுக்குக் கால் மரத்துப்போகும்." அம்மாவிடம் சொன்னேன். "வச்சுக்கறேன்னு சொல்லு. பஞ்சர் ஆனா நிழல்ல நிறுத்தச் சொல்லு, பெட்டிக்கு" என்றாள்.

உன் மாத்திரைத் தேதிகளைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் பக்கத்தில் நின்று விழுங்க வைப்பாள், தப்பிக்க முடியாது. எப்போது திரும்புவாள் என்று கேட்காதே. கொண்டுபோகும் புடவைகளை எண்ணினேன். பிரசவம் தாண்டியும் மிஞ்சும்.

இந்தக் கடிதம் ஐஸ் பெட்டிக்குள் வரவில்லை. அம்மாவின் கைப்பையில் வருகிறது. நனையாது என்பதால் பேனாவில் எழுதியிருக்கிறேன்.

தசமம்